பழைய பட்டுப்புடவை: எடைக்கா, உடுத்தவா?

(நம் குடியிருப்பின் கம்யூனிட்டி ஹாலில், மகளிர் குழு நடத்தவிருக்கும் பழைய புடவை விற்பனை நாளுக்கு முன்னோட்டமாக ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அடுத்த மாதம் இந்த ஹாலில் அவரவர் வீட்டுப் பழைய புடவைகளை நமக்குள்ளேயே விற்று வாங்கலாம் என்று மகளிர் குழு முடிவு செய்த நாளிலிருந்து, லிஃப்டில் என்னிடம் இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். ஒரு சாரார், "அடுத்தவங்க கட்டின புடவையை யாராவது காசு கொடுத்து வாங்குவாங்களா?" என்கிறார்கள். இன்னொரு சாரார், பெரும்பாலும் நம் வீட்டு இளம்பெண்கள், "ஆன்ட்டி, இப்போ இதுக்கு என்ன கிராக்கி தெரியுமா? விண்டேஜ்னு போட்டா ஆயிரக்கணக்கில் போகுது" என்கிறார்கள். இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. அதனால்தான் நிதானமாகப் பேச வேண்டும் என்று ஒப்புக்கொண்டேன்.

நான் புடவை வியாபாரி இல்லை. பி.காம். படித்துவிட்டு வங்கியில் எழுத்தராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அதில் பல வருடம் நகைக்கடன் பிரிவு. அங்கே தினமும் பார்த்த ஒரு காட்சிதான் இன்றைய பேச்சுக்கு அடிப்படை. நகையோடு வருகிறவர்கள், "இது எங்க பாட்டி போட்டது, அந்தக் காலத்துத் தங்கம்" என்று ஆரம்பிப்பார்கள். மதிப்பீட்டாளர் மரியாதையாகக் கேட்டுக்கொள்வார். பிறகு உரைகல்லில் உரசிப் பார்ப்பார். மொத்த எடையை எழுதுவார். கல்லுக்கும் அரக்குக்கும் கழித்துவிட்டு நிகர எடையை எழுதுவார். கடன் அந்த நிகர எடைக்குத்தான். பாட்டியின் மேல் அவருக்கு மரியாதைக் குறைவு எதுவும் கிடையாது. ஆனால் பாட்டிக்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

பழைய பட்டுப்புடவைக்கும் இந்தக் கழித்தல் கணக்கு வேண்டும். ஒரு பழைய புடவைக்கு மூன்று விலை உண்டு. அதிலிருக்கும் வெள்ளிக்கு ஒரு விலை, அது எடை விலை. இன்னும் எத்தனை முறை கட்ட முடியும் என்பதற்கு ஒரு விலை, அது உடுத்தும் விலை. அதைச் சுற்றிச் சொல்லப்படும் கதைக்கு ஒரு விலை. எந்த விலையைக் கொடுக்கிறோம், எந்த விலையை வாங்குகிறோம் என்று தெரிந்திருந்தால் இதைப் போல சந்தோஷமான வியாபாரம் கிடையாது. தெரியாவிட்டால் வாங்குகிறவரும் ஏமாறுவார், விற்கிறவரும் ஏமாறுவார்.

முதலில் எடை விலை. அசல் ஜரிகை என்பது முழுத் தங்கம் இல்லை. நடுவில் சிவப்புச் சாயமிட்ட பட்டு நூல். அதன்மேல் தட்டையாக்கிய வெள்ளிக் கம்பியைச் சுற்றி, அதற்கு மேலே மெல்லியதாகத் தங்க முலாம். கம்பியில் செம்பும் கலந்திருக்கும். பழைய நல்ல ஜரிகையில் ஏறக்குறையப் பாதி வெள்ளி இருக்கலாம். தங்கம் நூற்றுக்கு ஒரு பங்குகூட இராது. சூரத்திலிருந்து வருவதும் உண்டு, காஞ்சிபுரத்தில் உள்ள தமிழக அரசின் ஜரிகை ஆலையில் தயாராவதும் உண்டு. வெள்ளி விலை ஏற ஏற, ஜரிகையில் வெள்ளியைக் குறைத்துச் செம்பைக் கூட்டுவதும் நடந்திருக்கிறது. ஆகவே எல்லா ஜரிகையும் ஒரே ஜரிகை இல்லை.

ஒரு கணக்குப் போடுவோம். புடவை 700 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் கால் பங்கு ஜரிகை என்றால் 175 கிராம். அதில் பாதி வெள்ளி என்றால் சுமார் 87 கிராம். தங்கம் ஒரு கிராம் அளவு. இதை அன்றைய வெள்ளி விலையால் பெருக்குங்கள். பிரித்தெடுக்கும் செலவு, சேதாரம், வாங்குகிறவரின் லாபம் எல்லாவற்றையும் கழியுங்கள். மிஞ்சுவதுதான் உங்கள் கைக்கு வரும். புடவைக்குப் புடவை இது மாறும். கரை மெலிதான புடவையில் கால் பங்கு ஜரிகையே இருக்காது. "தங்க ஜரிகை" என்ற வார்த்தையை நம்பி லட்சக் கணக்கில் கனவு காண வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

"பழைய பட்டுப்புடவை வாங்கறதே..." என்று தெருவில் கூவிக்கொண்டு வருகிறவர்கள் வாங்குவது இந்த எடையைத்தான். வெள்ளி விலை ஏறும்போதெல்லாம் இந்தக் குரல் அதிகமாகக் கேட்கும். 1980-ன் தொடக்கத்தில் உலகம் முழுவதும் வெள்ளி விலை கிடுகிடுவென்று ஏறியது. நான் அப்போது கல்லூரியில் இருந்தேன். பரீட்சைக் கட்டணமும் பாக்கி ஃபீஸும் கட்ட வேண்டியிருந்தது. அப்பாவுக்கு உடம்பு சரியில்லாத வருடம். அம்மா தன்னுடைய இரண்டு பட்டுப்புடவைகளை வாசல் திண்ணையில் எடுத்து வைத்தார். வந்தவர் ஜரிகையில் ஓர் இழையை உருவி, தீக்குச்சியால் கொளுத்திப் பார்த்தார். தராசை எடுத்தார். எந்த ஊர் நெசவு என்று கேட்கவில்லை. அரக்கு உடலுக்குப் பச்சைக் கரை எப்படி இணைந்திருக்கிறது என்று திருப்பிப் பார்க்கவில்லை. அவருக்கு அது தேவையும் இல்லை. பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டுப் போனார். அம்மா அன்று செய்தது சரி. அந்தப் பணத்தில்தான் நான் பட்டதாரி ஆனேன். ஆனால் அந்தப் புடவைகள் நல்ல நிலையில் இருந்தன. இன்னும் இருபது வருடம் யாராவது கட்டியிருக்கலாம். உடுத்தும் விலை கொடுக்க ஆள் இல்லாத காலத்தில், எடை விலைக்கு அவை நெருப்புக்குப் போயின.

இன்று உடுத்தும் விலை கொடுக்க ஆள் இருக்கிறார்கள். நாம் நடத்தப்போகும் விற்பனை நாளின் அர்த்தமே அதுதான். அதற்காக எடைக்குப் போடுவது பாவம் என்று நான் சொல்லவில்லை. மடிப்பு மடிப்பாக இற்றுப்போன புடவைக்கு எடை விலைதான் நியாயமான விலை. இரண்டு விலையையும் விசாரித்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

இனி வாங்குகிறவர்களுக்கு. பழைய புடவையை வெளிச்சத்தில்தான் வாங்க வேண்டும், டியூப் லைட்டில் அல்ல, பகல் வெளிச்சத்தில்.

முழுப் புடவையையும் பிரித்து, ஜன்னலுக்கு எதிரே பிடியுங்கள். பல வருடம் ஒரே மடிப்பில் இருந்த பட்டு, அந்த மடிப்புக் கோட்டில்தான் முதலில் இற்றுப் போகும். வெளிச்சம் கோடாகவோ புள்ளியாகவோ கசிகிறதா பாருங்கள். மடிப்பின் இரண்டு பக்கமும் கட்டைவிரலை வைத்து மெதுவாக இழுத்துப் பாருங்கள். நல்ல பட்டு தாங்கும். இற்றது "சர்" என்று சத்தம் கொடுக்கும். அந்தச் சத்தம் கேட்டால் எவ்வளவு அழகாக இருந்தாலும் வைத்துவிடுங்கள். ஓர் ஓட்டையை டார்னிங் செய்யலாம். இற்றுப்போன பட்டை யாராலும் காப்பாற்ற முடியாது.

அடுத்து கீழ்க்கரை. ஃபால்ஸ் மறைப்பது இந்த இடத்தைத்தான். பழைய புடவைக்குப் புதிதாக ஃபால்ஸ் அடித்திருந்தால், ஓரத்தில் நாலு விரல் பிரித்துப் பார்க்க அனுமதி கேளுங்கள். தரையில் உரசிய ஜரிகையும், கொலுசு இழுத்த இழைகளும் அங்கேதான் இருக்கும்.

அடுத்து கரையும் உடலும் சேரும் இடம். காஞ்சிபுரத்துக் கோர்வைப் புடவையில் உடலும் கரையும் தனித்தனி நாடா ஓட்டி, தறியிலேயே ஒன்றோடொன்று பின்னி நெய்யப்படுகின்றன. மூன்று நாடா, பக்கத்தில் உதவிக்கு இன்னோர் ஆள். அதனால் கரையின் நிறம் கலப்பில்லாமல் தனியாக நிற்கும். கோர்வை இல்லாத புடவையில் உடலின் ஊடை நூலே கரைக்குள்ளும் ஓடுவதால், கரையில் உடலின் நிறம் கலந்து தெரியும். முந்தானை வேறு நிறத்தில் இருந்தால், அது தொடங்கும் இடத்தைப் பின்பக்கம் தடவிப் பாருங்கள். பாவு நூலை மாற்றி இணைத்த தடிப்பு கைக்குத் தெரியும். அதற்குப் பெயர் பெட்னி. இந்த இரண்டும் கையால் நெய்ததற்கு நல்ல அடையாளங்கள். பழைய புடவையில் முதலில் விடுகிற இடங்களும் இவையே. இணைப்பு முழுவதையும் விரலால் தடவிப் பார்த்து வாங்குங்கள்.

பட்டுதானா என்று சந்தேகம் வந்தால், ஓரத்தில் தொங்கும் ஓர் இழையை விற்பவரின் அனுமதியோடு எடுத்துக் கொளுத்துங்கள். பட்டு, முடி கருகும் வாசனை அடித்து, சாம்பல் விரலில் பொடியாகும். பாலியெஸ்டர் உருகி, கெட்டியான மணியாக நிற்கும். ரேயான் காகிதம் போல எரியும். ஜரிகையைச் சுரண்டிச் சிவப்பு நூல் தெரிகிறதா என்று பார்ப்பதும் பழைய வழக்கம். ஆனால் போலி ஜரிகைக்கும் சிவப்பு நூல் போடுகிறார்கள். அதனால் அது மட்டும் போதாது. பெரிய தொகை என்றால், ஜரிகையைச் சேதப்படுத்தாமல் உலோக அளவைக் காட்டும் இயந்திரச் சோதனை செய்து தரும் இடங்கள் இருக்கின்றன, அங்கே கொண்டு போங்கள்.

ஜரிகை கருத்திருந்தால் உடனே ஒதுக்க வேண்டாம். வெள்ளி காற்றிலுள்ள கந்தகத்தால் கருக்கும். பிளாஸ்டிக் ஜரிகை ஐம்பது வருடமானாலும் கருக்காது. லேசான கருப்பு, உள்ளே உலோகம் இருப்பதற்கு ஒரு சாட்சி என்றுகூடச் சொல்லலாம். ஆனால் அதை வீட்டில் சோப்போ பற்பசையோ போட்டுத் தேய்க்காதீர்கள். முலாம் போய்விடும்.

நீள அகலத்தை டேப் வைத்து அளந்து கொள்ளுங்கள். பல பழைய புடவைகளில் ரவிக்கைத் துணி சேர்ந்து வராது. அகலமும் இன்றைய புடவையைவிடக் குறைவாக இருக்கலாம். உயரமான பெண்ணுக்குக் கணுக்கால் தெரியும். ஒன்பது கஜம் கிடைத்தால் யோகம் என்று நினைப்பேன். மடிசார் கட்டுகிறவர்களுக்கு அப்படியே உதவும். மற்றவர்கள் ஆறு கஜமாக்கினால், மிச்ச மூன்று கஜத்தில் ரவிக்கையும் தைத்து, பேத்திக்குப் பாவாடையும் தைக்கலாம். ஆனால் கத்தரி வைப்பதற்கு முன் ஒரு தடவை யோசியுங்கள். வெட்டிய ஒன்பது கஜம் திரும்ப வராது.

சாயத்தையும் சோதியுங்கள். வெள்ளைப் பருத்தித் துணியை ஈரமாக்கி ஓரத்தில் ஒற்றிப் பாருங்கள். நிறம் ஏறினால், மழை நாளில் உங்கள் ரவிக்கையிலும் ஏறும்.

இவ்வளவு பார்த்த பிறகு விலை பேசுங்கள். கமர்ஸ் படித்தவள் என்பதால் எனக்கு ஒரு வழி உண்டு. புடவையின் விலையோடு டிரை வாஷ், ஃபால்ஸ், டார்னிங், ரோல் பிரஸ் செலவையும் கூட்டுவேன். எத்தனை முறை கட்டுவேன் என்று உண்மையாக யோசித்து அதனால் வகுப்பேன். புதுப் புடவை 30,000 ரூபாய், ஆறு முறை கட்டினால் ஒரு தடவைக்கு 5,000. பழைய புடவை 6,000, செலவு 1,200, பத்து முறை கட்டினால் ஒரு தடவைக்கு 720. அதே பழைய புடவையை வாங்கி ஒரு முறைகூடக் கட்டாமல் பீரோவில் வைத்தால் 7,200-ம் நஷ்டம். மலிவு என்பதற்காக நாலு வாங்குகிறவர்கள் கடைசி வரியைக் கவனியுங்கள்.

இதில் உள்ள சந்தோஷத்தையும் சொல்ல வேண்டும். இன்று புதிதாக நெய்யச் சொன்னால் நம்மால் தொட முடியாத விலையாகும் வேலைப்பாடு, பழைய புடவைகளில் நம் கைக்கு எட்டும் விலையில் கிடைக்கிறது. வைரஊசி, ருத்ராட்சம், மயில்கண், கோட்டடி, இரட்டைப்பேட்டுக் கரை, இவையெல்லாம் பெயராக மட்டும் கேட்டவர்கள் கையில் எடுத்துப் பார்க்கலாம். பல முறை உடுத்திய பட்டுக்கு ஒரு குழைவு வந்திருக்கும். கஞ்சி போட்டது போல விறைக்காமல் கொசுவம் சொன்ன இடத்தில் நிற்கும். புதுப் புடவைக்கு அந்தக் குணம் வர வருடங்கள் ஆகும்.

மூன்றாவது, கதை விலை. எம்.எஸ். சுப்புலட்சுமி கட்டியதால் எம்.எஸ். புளூ என்று ஒரு நீலம் பெயர் பெற்றது உண்மை. ருக்மிணி தேவி அருண்டேல் கலாக்ஷேத்ராவில் தறிகள் போட்டு, அகலக் கரையும் அழகான நிறச் சேர்க்கையுமாகப் பழைய பாணிப் புடவைகளை நெய்ய வைத்ததும் உண்மை. ஆனால் இன்று விற்பனைக்கு வரும் நீலமெல்லாம் எம்.எஸ். புளூவாகிவிட்டது. அகலக் கரையெல்லாம் கலாக்ஷேத்ராவாகிவிட்டது. "80 வருடப் பழசு" என்பதற்கு யாரிடமும் ரசீது இல்லை. காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2005-06-ல். சில்க் மார்க் முத்திரை வந்தது 2004-ல். ஆகவே அதற்கு முந்தைய புடவையில் நெய்த நாளிலேயே இந்த முத்திரைகள் இருந்திருக்க முடியாது. "50 வருடப் பழசு" என்று சொல்லி, அதனோடு பிறந்த சில்க் மார்க் அட்டையையும் ஒருவர் காட்டினால் நீங்கள் சிரித்துக்கொள்ளலாம். கதையை ரசியுங்கள். காசைத் துணிக்குக் கொடுங்கள்.

செல்போனில் பார்த்து வாங்குகிறவர்களுக்கு வங்கிக்காரியாக இரண்டு வார்த்தை. முந்தானை, இரண்டு கரைகள், பின்பக்கம், ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்த வீடியோ, நான்கும் கேளுங்கள். தர மறுத்தால் விட்டுவிடுங்கள். விற்கிறவர்களுக்கு: பணம் வாங்குவதற்கு யூபிஐ பின் நம்பர் ஒருபோதும் தேவையில்லை. "பணம் அனுப்பறேன், இந்த க்யூஆரை ஸ்கேன் பண்ணி பின் போடுங்க" என்று யாராவது சொன்னால், அது உங்கள் கணக்கிலிருந்து எடுப்பதற்கு. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு உட்கார்ந்திருக்காமல் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் உங்கள் வங்கிக்கும் சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணம் தப்பிக்க வாய்ப்பு.

"அடுத்தவர் கட்டியது" என்ற தயக்கத்துக்கும் வருகிறேன். 1985-ல் தீக்கிரையாகும் வரை மூர் மார்க்கெட்டில் நம் ஊரே பழைய புத்தகமும் பழைய இசைத்தட்டும் வாங்கியது. யாரும் கௌரவக் குறைச்சல் என்று நினைக்கவில்லை. துணிக்கு மட்டும் தயங்குகிறோம். உடம்பில் படுவது என்பதால் அந்தத் தயக்கம் இயல்பானதுதான். கல்யாணக் கூறைப்புடவை புதிதாகத்தான் இருக்க வேண்டும் என்று உங்கள் வீட்டு வழக்கம் சொன்னால் அப்படியே செய்யுங்கள். வரவேற்புக்கும், கொலுவுக்கும், கச்சேரிக்கும் பழையது கட்டலாமே. வாங்கியதும் டிரை வாஷுக்குக் கொடுத்து, நிழலில் காற்றாட விட்டு, பிறகு கட்டுங்கள்.

இந்தத் தயக்கத்துக்குப் பின்னால் இன்னொன்றும் இருக்கிறது. பழைய துணி என்றால் அது "கொடுக்கிற" பொருள், வேலைக்கு வருகிறவர்கள் வாங்கிக்கொள்ள வேண்டிய பொருள் என்று நம் மனதில் பதிந்திருக்கிறது. இற்றுப்போன புடவையைத் தீபாவளிக்குக் கொடுத்துவிட்டு, கொடுத்தோம் என்று திருப்திப்படுகிறோம். அவர்கள் அதை என்ன செய்வார்கள்? கட்ட முடியாது, நம்மிடம் சொல்லவும் முடியாது. ஆகவே என் யோசனை: விற்பனை நாளின் முதல் ஒரு மணி நேரத்தை நம் ஹவுஸ்கீப்பிங் பெண்களுக்கும் வீட்டு வேலைக்கு வருகிற பெண்களுக்கும் ஒதுக்குவோம். தானம் வாங்க அல்ல. பிரித்துப் பார்த்து, குறை சொல்லி, பேரம் பேசி வாங்க. அவர்கள் வீட்டிலும் கல்யாணம் வருகிறது. 500 ரூபாய்க்கும் 1,000 ரூபாய்க்கும் கட்டக்கூடிய நல்ல புடவைகளை நாம் அந்த மேஜையில் வைப்போம்.

விற்பனைக்கு வைக்கிறவர்களுக்கு மூன்று விதிகளை மகளிர் குழுவிடம் கொடுத்திருக்கிறேன். ஒவ்வொரு புடவையிலும் ஒரு சீட்டு: நீளம், அகலம், பட்டா கலப்பா, தெரிந்த குறைகள் அனைத்தும். இரண்டாவது, ஜரிகை பற்றி உறுதியாகத் தெரியாவிட்டால் "தெரியாது" என்றே எழுதுவது. மூன்றாவது, அன்று மாலைக்குள் குறை கண்டு திருப்பினால் முகம் சுளிக்காமல் பணத்தைத் திருப்புவது. நாளைக்கும் ஒரே லிஃப்டில்தான் நாம் ஏறி இறங்க வேண்டும். 2,000 ரூபாய்ப் புடவைக்காக எதிர்வீட்டு உறவைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது.

வாங்கிய பிறகு வைத்துக்கொள்ளும் முறை: வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள், பிளாஸ்டிக் உறையில் வேண்டாம். அந்துருண்டை ஜரிகையில் படக்கூடாது. பூச்சிக்கு வசம்பைத் துணியில் முடிந்து பீரோ மூலையில் போடுங்கள். சென்ட் அடிப்பதைப் புடவை கட்டுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிரித்து, மடிப்பை மாற்றி மடியுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், வருடத்துக்கு ஒரு தடவையாவது கட்டுங்கள்.

இன்றிரவு பீரோவைத் திறந்து, கட்டாமல் கிடக்கும் புடவைகளை ஜன்னலோரம் எடுத்துப் போய்க் காலையில் பார்ப்பதற்கு வைத்துவிடுங்கள். கட்டுவது ஒரு அடுக்கு, விற்பனைக்கு ஒரு அடுக்கு, இற்றது ஒரு அடுக்கு. மூன்றாவது அடுக்கைத் தராசுக்காரருக்குக் கொடுங்கள். இரண்டாவது அடுக்கோடு அடுத்த மாதம் ஹாலுக்கு வாருங்கள். நான் முன்வரிசை மேஜையில் டேப்போடு உட்கார்ந்திருப்பேன்.